கல்லில் நின்றவர்களுக்கு ஒரு சிவில் வேலை

ஹாஷிம் இராணுவத்தில் சேர்ந்ததே இராணுவத்தை விட்டு வெளியே வருவதற்காகத்தான். இதை அவன் யாரிடமும் ஒளிக்கவில்லை. பயிற்சி முடிந்து ஆளுக்கொரு பிரிவு ஒதுக்குகிற அன்று, மற்றப் பையன்கள் கமாண்டோ என்றும் பீரங்கி என்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க, அவன் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம் சிங்களத்தில் ஒரு சந்தேகம் கேட்டான்.

"சேர், வெளிய போன பிறகு எந்த வேலைக்கு ஆள் தேடுவாங்க?"

"இன்னும் முழுசா உள்ள வரவே இல்ல. அதுக்குள்ள வெளிய போற யோசனையா?"

"மாத்தளைச் சந்தையில பீரங்கி சுட ஆள் எடுக்கிறதில்ல சேர்."

அதிகாரி அவனைச் சமையல் பகுதிக்கு எழுதினார். தண்டனையாக எழுதினாரா, பாராட்டாக எழுதினாரா என்பது இன்றுவரை தெரியாது. ஹாஷிமுக்கு இரண்டும் ஒன்றுதான். பீரங்கிக்காரன் வெளியே வந்தால் வங்கி வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சமையற்காரன் கதை அப்படியல்ல. தம்புள்ளையிலிருந்து சீகிரியா வரை எந்தப் பக்கம் கல்லை எறிந்தாலும் அது ஏதாவதொரு ஹோட்டல் குசினியில்தான் போய் விழும்.

அவன் வேலை பார்த்த கேம்பில் சம்பல் பிசைகிற தாச்சிச் சட்டி எவ்வளவு பெரியது என்றால், பகல் தூக்கத்துக்கு இடம் தேடிய ஒரு கோப்ரல் அதற்குள் படுத்துவிட, ஆள் இருப்பது தெரியாமல் மேலே தேங்காய் துருவிவிட்டார்கள். மிளகாய் போட்ட பிறகுதான் கோப்ரல் எழும்பினான். இதெல்லாம் நடக்கிற விஷயம்.

ஹாஷிம் அங்கே படித்த சமையலில் பாதி, வெளியே வந்த கையோடு மறந்துபோயிற்று. ஒரு வழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. காவல் சோறு என்பார்கள். காவலில் நிற்கிறவன் நின்ற இடத்தை விட்டு வரமுடியாது. ஆகவே சட்டிக்குள் அகப்பை போனதும் முதற்பங்கு அவனுக்கு. மேஜருக்கே அதற்குப் பிறகுதான். ஒரு பீங்கான் தட்டில் போட்டு இன்னொரு பீங்கானால் மூடி வைத்துவிட்டால், 'நீ இன்னும் காவலில்தான், சோறு உன்னைத் தேடி வரும்' என்று அர்த்தம். மூடி வைக்காவிட்டால், 'உன் முறை முடிந்தது, உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டாச்சு, நீயே வந்து சாப்பிடு' என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு கட்டளையும் தேவையில்லை. கடைசிப் பீங்கான் காலியாகத் திரும்பி வரும்வரை சமையற்காரன் குசினியைப் பூட்டக் கூடாது.

சேவைக்காலம் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது அஸ்ரா ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கலியாணம் கட்டின நாள்லருந்து நீங்க எனக்கு விருந்தாளி. லீவுல வாரீங்க, புரியாணி தின்னுட்டுப் போறீங்க. இனியாவது இந்த வீட்டு ஆளா இருங்க."

"பெர்மனன்ட் மட்டும் ஆகட்டும். கிழமைக்கு ரெண்டு நாள் வீட்டுல இருப்பேன். யாரும் என்னை 'வா, நில்லு'ன்னு சொல்ல ஏலாது."

சீகிரியாவில் ஒரு நடுத்தர ஹோட்டலில் அவனை எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. மனேஜர் ஆரூரன், மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவர், படித்த மனிதர். வீணாகப் போகிற ஒரு கறிவேப்பிலையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குசினியின் பின்கதவைத் திறந்தால் நேரே சீகிரியாக் குன்றான அந்தப் பெரிய கல். உச்சியில் அரண்மனை கட்டி வாழ்ந்த பழைய அரசன், கல்லின் விளிம்புகளில் சரிவாக இடம் வெட்டிக் காவலர்களை நிறுத்தினானாம். கண்ணயர்ந்தால் நேரே கீழே. கைடுமார் வெள்ளைக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது, வெள்ளைக்காரர்கள் ஒருமுறை தங்கள் கால்களைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

முதல் நாள் பொழுதுபடுகிற நேரம். சமையல் இறங்கியதும் ஹாஷிமுடைய கை தன்பாட்டில் பீங்கான்களை எடுத்தது. அவன் தாளிப்பை யோசித்துக்கொண்டு நின்றான். கை ஒரு செக்‌ஷன் அளவுக்கு, பத்து ஆட்களுக்குச் சோறு போட்டு, மூடி, பின்கதவுக்கு வெளியே கட்டுச் சுவரில் வரிசையாக வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அவனுக்கே சிரிப்பு வந்தது. சரி, வாட்சர் நடராஜா இருக்கிறார், வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டான்.

காலையில் பீங்கான்கள் கழுவி, கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"நல்ல பசி போல அண்ணே," என்றான் நடராஜாவிடம். அவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், எதற்கும் அவசரப்படாத மனிதர்.

"நான் ஒரு பீங்கான்தான் எடுத்தேன் தம்பி. மிச்சம் யாருக்கு வச்சீங்களோ அவங்க எடுத்திருப்பாங்க."

"யாரு?"

"வச்சது நீங்க. என்னைக் கேட்டா?"

அதுதான் முறை என்பதுபோல ஹாஷிம் மறுநாளும் வைத்தான். அதற்கடுத்த நாளும் வைத்தான். சில நாட்களில் பீங்கான்கள் காலியாக வரவில்லை. சோறு இல்லை, மீன் இல்லை, பருப்பு இல்லை. ஆனால் மிளகாய்த் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கப்பட்டு, பீங்கான் ஓரத்தில் அணிவகுப்புப் போல நேர்கோட்டில் கிடந்தன. உருளைக்கிழங்கைத் தொட்டுப் பார்த்த அடையாளம் இருந்தது, கடித்த அடையாளம் இல்லை. தக்காளியும் அப்படியே. எல்லாப் பீங்கானிலும் ஒரே மாதிரி.

அன்று காலை ஆரூரன் அந்தப் பக்கம் வந்துவிட்டார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, இது யாருட சாப்பாடு?"

"காவலுக்கு சேர்."

"நமக்கு ஒரு வாட்சர்தானே? இது பெருநாள் பந்தி மாதிரி இருக்கு."

"மிச்சத்த நாய் தின்னுது போல."

ஆரூரன் மிளகாய் வரிசையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "மிளகாயப் பொறுக்கி வச்சிட்டுத் தின்ற நாய எங்க பிடிச்சீங்க? மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூணுமே போர்த்துக்கீசர் வந்த பிறகுதான் நம்ம நாட்டுக்கு வந்துச்சு தெரியுமா? உங்கட நாய் அதுக்கு முந்தின காலத்து நாய் போல." தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். "இனி வைக்க வேணாம் நானா. பெர்மனன்ட் பண்ற நேரத்துல இப்பிடி வீணாக்குறாருன்னு மேல சொல்ல எனக்கு விருப்பமில்ல."

அவர் பகிடியை அப்போதே மறந்துவிட்டார். ஹாஷிமால் மறக்க முடியவில்லை. அன்றே ஒரு கறியை மிளகும் கொறுக்காய்ப்புளியும் ரம்பை இலையும் மட்டும் போட்டு இறக்கிக் கடைசித் தடவையாக வெளியே வைத்தான். காலையில் பீங்கான்கள் நக்கியது போலப் பளபளத்தன.

மறுநாள் பொழுதுபடுகையில் அவன் எதையும் மூடி வைக்கவில்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் விருந்தாளிகள் வரிசையில் நின்றார்கள். ஹாஷிம் கறிச் சட்டிக்குப் பின்னால் நின்று பரிமாறினான். வரிசை ஏனோ வழக்கத்தைவிட நீளமாக, வாசலையும் தாண்டிப் போயிருந்தது. பார்த்தால் ஆட்கள் அவ்வளவு இல்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் சரியாக ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லி விடவில்லை. ஓர் ஒல்லாந்து அம்மா அசையாமல் நின்றார்.

"வாங்க மேடம்," என்றான் ஹாஷிம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"எனக்கு முன்னால் இவர் நிற்கிறாரே," என்றவர், கையைக் காட்டப் போய், காட்டின இடத்தைப் பார்த்து, கையை மெதுவாகக் கீழே போட்டுக்கொண்டார். அவர் அன்று சாப்பிடவில்லை.

அந்த நேரம் நடராஜா பின்பக்கமாக வந்து அவன் காதருகே குனிந்தார்.

"தம்பி, கல்லப் பாத்தீங்களா?"

"கல்லுக்கு என்ன அண்ணே?"

"இந்த நேரத்துல கல்லு விளிம்புல கறுப்புக் கறுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். இத்தன வருசமா குளவிக்கூடுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு ஒன்னையும் காணோம்."

ஹாஷிமின் கையில் அகப்பை நின்றது. தான் என்ன செய்துவிட்டோம் என்பது, சூடான சட்டியைத் தொட்ட பிறகு சூடு தெரிவதைப்போல, ஒரு கணம் தாமதமாகத்தான் அவனுக்கு உறைத்தது. அவன் சோற்றை நிறுத்தவில்லை. காவலை மாற்றியிருக்கிறான். யாருமே வந்து மாற்றாமல் எத்தனையோ தலைமுறையாக அங்கே நின்றவர்களுக்கு, 'உங்கள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாச்சு, இறங்கி வந்து சாப்பிடுங்கள்' என்று சொல்லியிருக்கிறான்.

பின்கதவைத் திறந்தான். முற்றத்தில் அவர்கள் அணியாக நின்றார்கள்.

சத்தம் இல்லை. சில்வண்டும் வாய் மூடியிருந்தது. மெலிந்த ஆட்கள், இடுப்பில் ஒரு துணி. எல்லோரும் சமதரையிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றார்கள். சரிவில் நின்று நின்று உடம்பு அப்படியே இறுகிவிட்டது. கால்விரல்கள், அங்கே இல்லாத கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கண் இமைக்கவில்லை. இமைப்பதை என்றோ மறந்துபோன கண்கள்.

செத்து மவுத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்பது ஹாஷிமுக்குச் சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்த விஷயம். ஆகவே இவர்கள் வேறு ஏதோ என்று தீர்மானித்து, பாதுகாப்புக்காக ஆயத்துல் குர்ஸியை ஓதினான். ஓதி முடியும்வரை அவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். முடிந்ததும் தலைவன் ஓர் அடி முன்னால் வந்தான். தன் ஈட்டியை இரண்டு கையாலும் கிடையாக ஏந்தி நீட்டினான்.

"ஏற்றுக்கொள்," என்றான். பேச்சு சிங்களம்தான், ஆனால் கிணற்றுக்கு அடியிலிருந்து இறைத்தது போல இருந்தது.

சுடுகிற துவக்கே பிடிக்கக் கூடாது என்று ஒரு வாழ்க்கையைத் திட்டம் போட்டவன் ஹாஷிம். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் குக். குக்மாருக்குக் காவல் போடுறதில்ல."

"அப்படியானால் எங்கள் இடத்தில் யார்?"

ஹாஷிம் கல்லைக் காட்டினான். "அங்க வேற ஆள் போட்டாச்சு. வாசல்ல யூனிஃபோம் போட்டு நிக்கிறாங்க. சனங்க டிக்கட் எடுத்து ஏறுறாங்க."

"அரசன் அனுமதித்தானா?"

"அரசன் இல்ல."

அணியில் ஓர் அசைவு ஓடியது. காற்றில்லாத நேரம் நெல் வயலில் ஓடுகிற அசைவு. தலைவன் ஈட்டியைத் தாழ்த்தி, வைப்பதற்கு இடம் தெரியாமல் கடைசியில் குசினிச் சுவரில் சாத்தினான். பிறகு, எவ்வளவோ காலமாக யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்கிறவனைப்போல, தயங்கிக் கேட்டான்.

"வெளியே எங்களுக்கு என்ன வேலை இருக்கிறது?"

அந்த இடத்தில் ஹாஷிம் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத்தானே ஒரு காலத்தில் அதிகாரி அவனைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். இவர்களிடம் அதைக் கேட்கச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இவர்களுக்குத் தெரிந்தது நிற்பது மட்டும். அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"நான் சமையல எடுத்தேன். பிழைச்சுக்கிட்டேன்."

"நாங்களும் அதையே எடுக்கிறோம்," என்றான் தலைவன். அணி ஒரே அடியில் குசினிக்குள் நுழைந்தது.

இப்படித்தான் ஹாஷிம் மறுபடி ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பாளனானான். புதிதாகச் சேர்ந்தவனுக்கு வெங்காயம் என்பது இராணுவ ஒழுங்கு. அவர்களுக்கும் வெங்காயமே கொடுத்தான். ஆரூரனிடம், சம்பளமில்லாமல் வேலை பழக வந்த பொடியன்மார் என்றான்; சம்பளம் இல்லை என்றதும் அவர் மேலே கேட்கவில்லை. பொழுதுபட்டதும் வெட்டுப் பலகைகளுக்குப் பின்னால் சாய்ந்தபடி நின்று, இமைக்காமல் உரித்தார்கள். வெங்காயம் அவர்கள் கண்ணை ஒன்றும் செய்யவில்லை. கத்தி விரலில் பட்டால் விரல் மூடிக்கொண்டது, தண்ணீரைப்போல. ஈட்டியை ஹாஷிம் ஈரப்பலாக்காய் பறிக்க வைத்துக்கொண்டான். அதற்கு அதைவிடத் தோதான ஆயுதம் கிடையாது.

பிறகொரு நாள், வரிசையில் கடைசியில் நின்றவன் "ஆ" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விரலில் இரத்தம். அதை அவன் தூக்கிப் பிடித்துக் கூரை விளக்கில் காட்டினான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வெங்காயத்தால்தான். கண் ஒருமுறை மூடித் திறந்தது. காலடியில் முதல்தடவையாக ஒரு நிழல் விழுந்தது.

ஹாஷிம் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டி, தன்னுடைய பழைய கால்சட்டை ஒன்றைக் கொடுத்து, ஹபரணைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கொண்டுபோய் விட்டான். குசினிக்கு ஆள் கிடைக்காத காலம். அடையாள அட்டை எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

"லக்கலக் காட்டுப் பக்கத்து ஆள். யானை வீட்ட உடைச்சதுல எல்லாம் போச்சு."

அதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அவனுடைய விநோதமான பேச்சுக்கும் அதே காரணம் போதுமாயிருந்தது. பஸ்ஸே ஒழுங்காகப் போகாத ஊரில் பேச்சு மட்டும் எப்படி மாறும்?

இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்து ஹோட்டல்களில், கறியில் மிளகாய் போடாமல் மிளகு தூக்கலாகப் போடுகிற, அடுப்படியில் உட்காரவே உட்காராத சமையற்காரர்கள் இருக்கிறார்கள். விசாரிக்கத் தேவையில்லை. நல்ல பிள்ளைகள்.

கடைசியில் தலைவன் மட்டும் நின்றான். அவனுக்குச் சமையல் வந்தது. மிளகு இறைச்சியில் அவன் ஹாஷிமையே மிஞ்சிவிட்டான். ஆனால் இரத்தம் வரவில்லை. வேறு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனால், கல் மறைகிற வளைவில் கால் நின்றுவிடும். போதாததற்கு, ஹாஷிம் இல்லாத குசினியில் அவன் இருக்கமாட்டான். ஒருமுறை லீவு எடுத்துச் சந்திவரை போய் ஹாஷிம் திரும்பிப் பார்த்தான். பின்னால் நடராஜா மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஆளு கல்லப் பாத்து நடக்குறாரு. ஒடம்பு கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சு போகுது."

பொறுப்பாளன் விட்டுப் போனால் காவலாள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதுவும் ஒழுங்குதான். ஹாஷிம் திரும்பி வந்தான். தலைவன் வாசலில் நின்று, அவனைக் கண்டதும் ஒரு மனிதனளவுக்கு மறுபடி தடித்தான்.

நோன்புப் பெருநாளுக்கும் ஹாஷிம் வீட்டுக்குப் போகவில்லை. அஸ்ரா ஃபோனில் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"கேம்ப்ல இருந்தப்பவாவது பெருநாளுக்கு வந்தீங்க," என்றாள். "நீங்க வெளிய வரவே இல்ல போல."

அடுத்த நாள் ஆரூரன் குசினிக்கு வந்து கையைக் கொடுத்தார். "நானா, முடிஞ்சு. பெர்மனன்ட். ஹெட் குக். நீங்க கொண்டுவந்து பழக்கின பொடியன்மாரப் பத்தி மற்ற ஹோட்டல்காரங்களே ஃபோன் பண்ணிச் சொல்றாங்க."

இதற்காகத்தான் அத்தனை வருஷமும். ஹாஷிம் அந்தக் கையைப் பிடித்தபடி பின்கதவுப் பக்கம் பார்த்தான். வெட்டுப் பலகைக்குப் பின்னால் தலைவன், கண்ணைக் கல்லில் வைத்துக்கொண்டு, சாய்ந்து நின்றான். இந்த வேலையை எடுத்தால் இந்த ஆளோடு இங்கேயே நிற்க வேண்டும். பெருநாள் வரும், போகும். அஸ்ரா ஃபோன் எடுப்பதை நிறுத்துவாள். யாரும் 'நில்லு' என்று சொல்லமாட்டார்கள். சொல்லாமலே நிற்பான்.

"சேர், என் இடத்த இவருக்குக் குடுக்க ஏலுமா?"

"லக்கல ஐயாவுக்கா? அவருக்கு மிளகாய் போடத் தெரியாதே."

"வெள்ளைக்காரங்களுக்கு அதுதானே வேணும்?"

ஆரூரன் அதை யோசித்தார். மிளகாய்ச் செலவு மிச்சம் என்பதும் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அப்ப நீங்க?"

"நான் வீட்டுக்குப் போறேன் சேர்."

பொழுதுபட்டது. அடுப்பில் சட்டி கொதித்தது. ஹாஷிம் தலைவனுக்கு முன்னால் போய்க் குதிகால்களைச் சேர்த்து நின்றான். வெளியே வந்த நாளிலிருந்து அவன் அப்படி நின்றதில்லை. அகப்பையை இரண்டு கையாலும் கிடையாக ஏந்தி நீட்டினான்.

"ஏத்துக்கங்க. இனி நீங்கதான் பொறுப்பு. உங்களுக்கு மேல ஆள் இல்ல."

தலைவன் அகப்பையைப் பார்த்தான். வாங்கினான். வாங்கிய கை தடுமாறிச் சட்டி விளிம்பில் பட்டது. அவன் கையை உதறவில்லை. உள்ளங்கை சிவந்து, கொப்புளம் எழும்புவதைக் குனிந்து பார்த்தான்.

"சுடுகிறது," என்றான், நல்ல செய்தி சொல்வதைப்போல. நிமிர்ந்தபோது உடம்பு நேராக இருந்தது. ஹாஷிம் பின்கதவைச் சாத்தினான், கல் மறைந்தது, தலைவன் திரும்பிப் பார்க்கவில்லை, உப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஹாஷிம் மாத்தளைக்கு வந்து இறங்கியது மறுநாள் விடிந்த பிறகு. கையில் ஒரு பை. அஸ்ரா கதவைத் திறந்து, பையின் அளவைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"பெர்மனன்ட் ஆகல்லயா?"

"ஆச்சு. விட்டுக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒரு சீனியருக்கு. என்னை விட சர்வீஸ் கூடின ஆள்."

அவள் அவனை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி முகத்தை ஆராய்ந்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை.

"எத்தன வருஷ சர்வீஸ்?"

ஹாஷிம் செருப்பைக் கழற்றினான். "அந்தாளுக்கே சரியா ஞாபகமில்ல," என்றான்.